மாப்பிள்ளை அழைப்பும் நூற்றுப் பதினாறு டிகிரியும்

வண்டி வாங்கிய முதல் மாதத்தில் நான் அதை ஓட்டிய நேரத்தைவிட அதன் மீட்டர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். திருவண்ணாமலையை ஒட்டி, வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால், புதிதாக மனை பிரித்த இடத்தில் எங்கள் வீடு. காலை ஆறு மணிக்கு கேட்டைத் திறப்பேன், எஞ்சினை ஸ்டார்ட் செய்வேன், ஒரு நிமிடம் அப்படியே ஓட விடுவேன். பிறகு வேலூர் ரோட்டில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் பத்து நிமிடம். பால்காரர் தன் மொபெட்டில் இரண்டு பக்கமும் கேன் தொங்க என்னை முந்திக்கொண்டு போவார். போகிற போக்கில், "இன்னா சார், வண்டி ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

ரிப்பேர் இல்லை. பெங்களூரில் ஒருவர் ஐந்து வருடம் வைத்திருந்து எனக்கு விற்ற ஸ்போர்ட்ஸ் கார் அது. சிவப்பு நிறம், இரண்டே கதவு. பொத்தானை அழுத்தினால் துணிக்கூரை மடங்கிப் பின்னால் போய்விடும். பின்சீட் பேருக்குத்தான். எஞ்சின் மட்டும் அப்படி இல்லை. அதில் டர்போ இருந்தது. எஞ்சின் வெளியே விடும் புகையை வைத்தே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சுழற்சியில் வெளிக்காற்றை அழுத்தி மறுபடி எஞ்சினுக்குள் திணிக்கிற சாமான். அந்த அழுத்தத்தைத்தான் பூஸ்ட் என்பார்கள். பூஸ்ட் ஏறும்போது முதுகை யாரோ சீட்டோடு சேர்த்து அழுத்துகிற மாதிரி இருக்கும். ஐம்பதை நெருங்கும் ஒருவனுக்கு அது எதற்கு என்று என் மனைவி கேட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை, வாங்கிவிட்டேன்.

திணித்த காற்று சூடாகும். அதைக் குளிர்விக்க வண்டியின் முகத்தில், கீழ்வாய்க்கு உள்ளே ஒரு கூலர் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஏசியின் கூலர், அதற்கும் பின்னால் ரேடியேட்டர். மூன்றும் மூச்சு விடுவது அந்த ஒரே வாய் வழியாக. ஆயில் எண்பது டிகிரி வரும்வரை பூஸ்ட் கேட்கக் கூடாது. வேகமாக ஓட்டிவிட்டு வந்தால் உடனே அணைக்கக் கூடாது, ஒன்றிரண்டு நிமிடம் சும்மா ஓட விட்டுத்தான் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் டர்போவுக்குள் நிற்கிற ஆயில் கருகிப் படியும். வண்டியோடு வந்த மீட்டர்கள் போதாதென்று தனியாக மூன்று வாங்கி டேஷ்போர்டில் பதித்தேன். ஒன்று பூஸ்ட், ஒன்று ஆயில் சூடு, ஒன்று ரேடியேட்டர் தண்ணீரின் சூடு. வீட்டுக்குத் திரும்பி வாசலில் அந்த ஒன்றிரண்டு நிமிடம் காத்திருக்கும்போது, "இன்னும் சாமிக்கு தீபாராதனை முடியலீங்களா?" என்று மனைவி உள்ளேயிருந்து கேட்பாள்.

இந்தப் புத்தி எனக்குப் புதிதல்ல. பன்னிரண்டு வருடம் வளைகுடா நாட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் கண்ட்ரோல் ரூமில் மீட்டர் பார்த்தவன் நான். ஓர் எண் தன் எல்லையைத் தாண்டினால் யாரையும் கேட்காமல் நிறுத்த வேண்டும். மேனேஜர் பக்கத்தில் நின்று கத்தினாலும் நிறுத்த வேண்டும். அப்படி இரண்டு தடவை நிறுத்தியிருக்கிறேன், இரண்டு தடவையும் நான் செய்தது சரி என்று பின்னால் எழுதிக் கொடுத்தார்கள். அதில் எனக்கு நிறையவே கர்வம் உண்டு. மனிதர்கள் சொல்வதில் பாதி வாய்ப்பேச்சு, மீட்டர் சொல்வதுதான் நிஜம் என்று நினைத்துக்கொண்டுதான் ஊர் திரும்பினேன்.

ஊரில் எனக்கு இருந்தது ஓர் அண்ணன். கீழ்பென்னாத்தூர் பக்கம் நெல்லும், மணிலா என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் பயிர் வைத்தவர். அப்பா படுக்கையில் கிடந்த ஒன்றரை வருடமும் அவர்தான் பார்த்தார். அப்பா இறந்தபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று போனில் சொன்னேன், அவரும் "சரிப்பா" என்றார். கொள்ளி வைத்ததிலிருந்து காரியம்வரை எல்லாம் அவர் தலையில். நான் திரும்பி வந்த பிறகும் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவருக்குத் திட்டத் தெரியாது.

அந்த அண்ணன் ஒருநாள் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை போளூர் பக்கம், ஒரு தனியார் கல்லூரியில் வேலை. காபியைக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"தம்பி, மாப்ள அழைப்புக்கு வண்டி நம்ம ஊட்டு சார்பா வெக்கணும். அவங்க தெறந்த வண்டியா கேக்கறாங்க. வாடகைக்குன்னா வேலூர்லேர்ந்து வரணுமாம்." வண்டியின் கதவில் கையை வைத்தார். "உன்னுது இருக்குதே. ஓட்டறதும் நீயா இருந்தா, பொண்ணோட சித்தப்பான்னு நாலு பேருக்குத் தெரியும்."

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாக அழைத்துவருவார்கள். பூ அலங்காரம் செய்த வண்டி, முன்னால் பேண்டு, இரண்டு பக்கமும் டியூப்லைட் தூக்கி நடப்பவர்கள். வண்டி பெண் வீட்டாருடைய பொறுப்பு. அண்ணன் என் வாழ்நாளில் என்னிடம் கேட்ட முதல் காரியம் இது. ஊர்ந்து போவது இந்த எஞ்சினுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். "கண்டிப்பா வெச்சிக்கலாண்ணா" என்றேன்.

வைகாசி முகூர்த்தம், மண்டபம் திருவண்ணாமலையிலேயே. முந்தின நாள் பௌர்ணமியாக வந்து வாய்த்தது. பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் என்ன நடக்கும் என்பதை இந்த ஊர்க்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிரிவலக் கூட்டம், ஒருவழிப் பாதை, எங்கே பார்த்தாலும் தடுப்பு. வெயில் இறங்கின பிறகும் மலை சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். கோயிலிலிருந்து மண்டபம் ஒன்றரைக் கிலோமீட்டர், அரைமணி நேரத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ரேடியேட்டர் விசிறி அரைமணி நேரம் சமாளிக்கும்.

அலங்காரம் செய்ய இரண்டு பேர் வந்தார்கள். பூவை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், முன்னால் இந்த வாயை மட்டும் மூடாதீர்கள் என்று கையால் தொட்டுக் காட்டிச் சொன்னேன். "சரிங்க சார்" என்றார்கள். வேட்டி மாற்றிக்கொள்ளப் போய்த் திரும்பி வந்தேன். வண்டியின் முகத்தில் அந்த வாய் இல்லை. அது இருந்த இடத்தில் இதய வடிவத்தில் வெட்டிய பெரிய தெர்மகோல், அதில் சிவப்பு ரோஜாவால் மணமக்கள் பெயர்கள், சுற்றிலும் நெருக்கமாகச் சாமந்தி. பானெட் மேல் வைத்தால் சூட்டில் பூ வாடிவிடும் சார், முன்னால்தான் எடுப்பாக இருக்கும் என்றார் அந்த ஆள்.

பிய்த்து எடுக்கச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது அண்ணன் வந்தார். அன்றைக்குப் பட்டு வேட்டியும் முழுக்கைச் சட்டையும் போட்டிருந்தார், அவரை அப்படிப் பார்த்து எனக்குப் பழக்கமில்லை. மகள் பெயரில் இருந்த முதல் எழுத்தின் மேல் விரலை வைத்து, பூ உதிராமல் லேசாகத் தடவினார். "பாரு தம்பி, எம்மாம் அழகா எழுதியிருக்காங்க" என்றார். திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன். கண்ட்ரோல் ரூமில் மேனேஜருக்கு அஞ்சாதவன் அங்கே அண்ணனுடைய சந்தோஷத்துக்கு அஞ்சினேன். இது நல்ல குணம் என்று அந்த நிமிடம் நினைத்தும் கொண்டேன்.

ஆறரைக்கு ஊர்வலம் கிளம்பியது. மாப்பிள்ளை மாலையும் தலைப்பாகையுமாகப் பின்சீட்டின் முதுகின் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய தாய்மாமன். மீட்டரில் தண்ணீரின் சூடு தொண்ணூற்று இரண்டு. பூஸ்ட் முள் அசையவே இல்லை. நடக்கிற வேகத்தில் அதற்கு வேலை கிடையாது. முதல் வளைவிலேயே போலீஸ் தடுத்து நிறுத்தியது. கிரிவலத்துக்கு வந்த பஸ்களை அந்த வழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். பஸ்கள் போய் முடியப் பதினைந்து நிமிடம். தொண்ணூற்று எட்டு. விசிறி முழு வேகத்தில் சுற்றும் சத்தம் பேண்டு சத்தத்துக்கும் மேலே எனக்குக் கேட்டது. அது இழுப்பதற்கு முன்னால் காற்றுதான் இல்லை.

வழி கிடைத்ததும் மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆட ஆரம்பித்தார்கள். பத்தடி நகர்வது, ஒரு பாட்டு முழுக்க நிற்பது. நூற்று மூன்று. நான் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டேன். எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை அது வண்டிக்குள் கொண்டுவந்துவிடும், பழைய வித்தை. வைகாசி மாதத்தில் ஹீட்டர். என் காலில் நெருப்புக் காற்று அடித்தது. பின்னாலிருந்து தாய்மாமன் குனிந்து, "ஏசி போடுங்களேன், மாப்ளைக்கு வேர்த்து ஊத்துது" என்றார். ஏசி இதற்குமேல் வராது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

நூற்று எட்டில் அண்ணனைக் கை காட்டிக் கூப்பிட்டேன். ஓரமாக நிறுத்தி, அந்தத் தெர்மகோலை எடுத்துவிட்டு, பத்து நிமிடம் காற்று வாங்க விட்டால் போதும். அண்ணன் நான் கை காட்டியதைப் பார்த்தார். நான் சந்தோஷத்தில் கையாட்டுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, முகம் நிறையச் சிரித்து என்னைப் பார்த்துக் கையாட்டினார். பிறகு கடை வாசலில் நின்ற தெரிந்தவர் யாருக்கோ கும்பிடு போட்டுக்கொண்டே முன்னால் போய்விட்டார். மறுபடியும் நான் கூப்பிடவில்லை. ஹாரன் அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

நூற்றுப் பன்னிரண்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. எங்கிருந்தோ இனிப்பான ஒரு நெடி வந்தது. ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலன்ட்டின் நெடி. மண்டபத்தின் அலங்கார வளைவு கண்ணில் பட்டது. முந்நூறு மீட்டர் இருக்கும். வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் காத்திருந்தார்கள். என் மனைவியின் புடவை நிறம்கூட எனக்குத் தெரிந்தது. நூற்றுப் பதினான்கு. நூற்றுப் பதினைந்து. இதற்கு மேல் போனால் தண்ணீர் கொதித்து வெளியே தள்ளும், எஞ்சினின் மேல்மூடியான அலுமினிய ஹெட் வளையும், எஞ்சினைக் குப்பையில்தான் போட வேண்டும். ஆனாலும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. முந்நூறு மீட்டர் போயிருக்கும். அதை இன்றைக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடியும், அன்றைக்கும் எனக்குத் தெரியும். எஞ்சின் போயிருக்கலாம், ஊர்வலம் போய்ச் சேர்ந்திருக்கும்.

நூற்றுப் பதினாறு காட்டியது. என் கை பொத்தானை அழுத்தி எஞ்சினை அணைத்தது. கை அதுவாகச் செய்தது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நான் யோசித்துத்தான் செய்தேன். பின்னால் உட்கார்ந்திருந்தவரை அந்த நொடியில் நான் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

பேண்டு வாசித்துக்கொண்டே பத்தடி முன்னால் போய், வண்டி வரவில்லை என்று தெரிந்து ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். சாமந்திப் பூக்களின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. அண்ணன் ஓடிவந்தார். "இன்னாச்சு தம்பி?"

"எஞ்சின் போச்சுண்ணா" என்றேன்.

அவர் எங்கள் பக்கத்து ஆட்கள் நாலு பேரைக் கூப்பிட்டு வண்டியின் பின்னால் கையை வைத்தார். தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்று அவருக்கு எண்ணம். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"தள்ளிக்கினு போற வண்டியிலயா எம்புள்ள போவணும்? எறங்கு ராஜா நீ" என்றார்.

மாப்பிள்ளை இறங்கினார். செருப்பைக் கோயிலிலேயே விட்டிருந்தார். சாயங்காலம் முழுக்கப் பஸ்கள் போன ரோட்டில் வெறும் காலோடு, யாரோ பிடித்த குடைக்குக் கீழே முந்நூறு மீட்டரும் நடந்தார். பேண்டுக்காரர்கள் தயங்கித் தயங்கி மறுபடி வாசிக்க ஆரம்பித்தார்கள். அண்ணன் எல்லோருக்கும் கடைசியில் போனார். போவதற்கு முன் குனிந்து அந்தத் தெர்மகோலை இரண்டு கையாலும் பிய்த்து எடுத்தார். பின்பக்கம் உருகிக் குழிந்திருந்தது. அதை ரோட்டோரம் போட மனமில்லாமல் மண்டபம்வரை தூக்கிக்கொண்டே நடந்தார்.

வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு முன்னால் போய்த் தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்தேன், உடனே பிடித்துக்கொண்டது. மெக்கானிக் சோதித்துவிட்டு, "கரெக்டான நேரத்துல ஆஃப் பண்ணிட்டீங்க சார், இன்னும் ரெண்டு நிமிஷம்னா மாட்டியிருப்பீங்க" என்றார். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் எஞ்சின் நின்றுவிட்டது, ஒரு பைப்பு போய்விட்டது, மாற்றியாகிவிட்டது என்று சொன்னேன். மனைவியிடமும் அதையேதான்.

கல்யாணம் நடந்தது. முதல் ஆறு மாதம் அண்ணன் மகள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். பிறகு மூன்று மாதக் கரு ஒன்று கலைந்தது. அடுத்த வருடம் மாப்பிள்ளைக்கு வேலை போனது. மாமியார் முதலில் தனக்குத்தானே முனகிக்கொண்டதை, பிறகு வந்தவர் போனவரிடம் எல்லாம் சொல்ல ஆரம்பித்தார். நடுரோட்டில் நின்ற அழைப்பு, எப்படி விளங்கும் என்று. மாப்பிள்ளை படித்தவர், முதலில் சிரித்தார். வேலை தேடி அலைந்த நாட்களில் சிரிப்பது குறைந்தது. ஒருநாள் ஒரு சண்டையில் அவர் வாயிலிருந்தும் அது வந்துவிட்டது. அவள் ஒரு பெட்டியோடு கீழ்பென்னாத்தூருக்கு வந்துவிட்டாள்.

நான் போய்ப் பார்த்தபோது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். "அவரு கெட்டவரு இல்ல சித்தப்பா. கூப்ட்டா போயிடுவேன்" என்றாள். இந்த மாதிரி வீட்டுக்கு ஏன் போக வேண்டும், நீ படித்த பெண்தானே என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். அவளுக்குப் போக வேண்டும். புருஷன்மேல் அவளுக்குப் பிரியம் இருந்தது. அதற்குமேல் நான் பேச என்ன இருக்கிறது?

ஐந்து மாதம் கழித்து மாப்பிள்ளை வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள், பெண்ணுடைய அப்பாவும் சித்தப்பாவும் வந்து பேசட்டும் என்று. அண்ணன் மணிலாப் பயறு ஒரு பையில் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். என் வண்டியில்தான் போனோம். ஊருக்கு வெளியே வண்டியை விட்டுவிட்டு நடந்து போகலாம் என்றேன், வாசலிலேயே நிறுத்தச் சொன்னார் அண்ணன்.

உட்கார வைத்து, காபி கொடுத்து, சம்பந்தி அம்மா மரியாதையாகத்தான் பேசினார். ஜோசியரிடம் கேட்டாராம். பாதியில் நின்ற ஊர்வலம் முடியாமலே இருக்கிறது, அதை முடித்துவிட்டால் தோஷம் கழிந்துவிடும் என்றாராம். அதே வண்டி, அதே இடம். பொண்ணும் மாப்பிள்ளையும் அதில் உட்கார்ந்து, எந்த இடத்தில் நின்றதோ அங்கிருந்து மண்டபத்து வாசல்வரை போக வேண்டும். ஒரு தேங்காய் உடைத்து, ஆரத்தி எடுத்து, அப்படியே பெண்ணை வீட்டுக்குக் கூட்டிவந்துவிடலாம்.

"நானும் ஒரு பொண்ணுதாங்க. அது வந்து வெளக்கேத்துனா எனக்கும் நிம்மதி. அந்த வண்டி நின்னுது பாருங்க, அதுதான் மனசுல கெடந்து அறுக்குது" என்றார்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் பெண்டாட்டி திரும்பி வர அது ஒரு வழி என்பது தெரிந்திருந்தது. அண்ணனுக்கு முகமே மலர்ந்துவிட்டது. வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் சும்மா இருந்திருக்க வேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டு, ஆயிலைச் சூடாக்கி, முந்நூறு மீட்டர் ஓட்டியிருக்க வேண்டும். எனக்குள் என்ன கிளம்பியது என்று இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. ஒரு கோபம். தெர்மகோல் மூடிய ஒரு ரேடியேட்டருக்காக ஒரு பெண் ஐந்து மாதம் தோஷக்காரியாக மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு கிடந்தாள் என்ற கோபம். இந்த ஒரு உண்மையைச் சொன்னால் எல்லாம் சுத்தமாகிவிடும், அவள்மேல் ஒட்டியிருக்கிற அபசகுனம் மொத்தமும் விட்டுப்போகும் என்று நம்பினேன். இரண்டு வருடமாக உள்ளே அடைத்து வைத்திருந்ததை இறக்கி வைக்கிற ஆசையும் அதில் இருந்திருக்கும்.

"அம்மா, தோஷமெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. அன்னிக்கு வண்டி நிக்கல. நாந்தான் நிறுத்தனேன்" என்றேன்.

சம்பந்தி அம்மாவுக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். மீட்டரைச் சொன்னேன், நூற்றுப் பதினாறைச் சொன்னேன், பூ அடைத்ததைச் சொன்னேன், ஹெட் வளைவதைச் சொன்னேன். கண்ட்ரோல் ரூமில் புதிதாகச் சேர்ந்தவருக்குப் பாடம் எடுப்பதுபோல வரிசையாக, தெளிவாகச் சொன்னேன். சொல்லி முடித்தபோது எனக்கு லேசாக இருந்தது.

மாப்பிள்ளைதான் முதலில் தலையை நிமிர்த்தினார். "அப்ப அந்த முந்நூறு மீட்டர் வண்டி போயிருக்குமா?"

"போயிருக்கும். ஆனா எஞ்சின்—"

"போயிருக்கும்" என்றார் அவர். எழுந்து உள்ளே போய்விட்டார்.

சம்பந்தி அம்மா என் பக்கம் திரும்பினார். அவர் குரல் உயரவில்லை. "தோஷம்னா கழிச்சிடலாங்க. உங்க வண்டி கெட்டுடக் கூடாதுன்னு எம்புள்ளைய வெறுங்கால்ல நடுரோட்டுல எறக்கி உட்டிருக்கீங்க. பொண்ணு ஊட்டுக்காரங்க. இத எங்க கொண்டுபோய் கழிக்கறது?" காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டார். "போய்ட்டு வாங்க" என்றார். வாசல்வரை வரவில்லை.

வெளியே வந்து நான் வண்டியின் கதவைத் திறந்தேன். அண்ணன் ஏறவில்லை. பையில் மணிலாப் பயறு அப்படியே இருந்தது, கொடுக்க மறந்திருந்தார். பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். நானும் வண்டியை விட்டுவிட்டுப் பின்னால் போனேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். அப்பா இறந்தபோது வராததற்கும் சேர்த்துச் சொன்னேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நெஜத்த அன்னிக்கே சொல்லியிருந்தா, உன்ன நாலு திட்டு திட்டிட்டு அவங்க கால்ல உழுந்திருப்பேன். இல்ல, கடசி வரைக்கும் சொல்லாம இருந்திருக்கணும்." அவருக்கு மூச்சு வாங்கியது. "ஒரு தேங்கா ஒடச்சிட்டு எம்பொண்ணு ஊட்டுக்குப் போயிருப்பாடா."

என்னை அவர் 'டா' போட்டுப் பேசி எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

நான் வீடு வந்து சேர்ந்து வாசலில் வண்டியை நிறுத்தும்போது போன் அடித்தது. அண்ணன் மகள். அப்பா இன்னும் வந்து சேரவில்லை, போனையும் எடுக்கவில்லை என்றாள். குரலில் ஒரு பரபரப்பு இருந்தது, கல்யாணத்துக்கு முன்னால் கேட்ட குரல். அவளுடைய புருஷன் முந்தின நாளே ரகசியமாகக் கூப்பிட்டுத் தேங்காய் விஷயத்தைச் சொல்லியிருந்தாராம்.

"பெட்டி கட்டி வெச்சிட்டேன் சித்தப்பா. என்னிக்கி வரச் சொன்னாங்க?"

அன்றைக்கு வண்டியை நான்தான் நிறுத்தினேன் என்பதிலிருந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், நூற்றுப் பதினாறு டிகிரியைத் தவிர. போனில் மாடு கத்துவது கேட்டது.

"அப்ப பெட்டிய பிரிச்சிடட்டுமா சித்தப்பா?" என்று கேட்டாள்.